நீலகிரிக் கற்குவை மட்கலங்கள்

குடம் தோன்றுதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்த நூலோர் வழங்கும் உவமையாம். காரியத்தைக் கொண்டு கருத்தாவை உணரும் இம்முறையே, பழங்கலங்களை வனைந்தோர் யாவரென அறியப் புகுவார்க்கும் வழியாகின்றது.

நீலகிரி முகடுகளில் வட்டமாகக் கல்லடுக்கிய ஈமக்குவைகள் பல உள. காங்கிரீவ் என்னும் படைத்தலைவர் 1847-ல் அவற்றைப்பற்றி எழுதினார். பின்னர், அம்மலைநாட்டின் முதற் கமிஷனரான பிரீக்ஸ் பலவற்றை அகழ்ந்தார். அவர் 1872-ல் இறந்தபின் அவர்தம் நூல் 1873-ல் வெளிவந்தது. அவர் தொகுத்த கலங்கள் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தன. அவற்றின் மூடிகள்மேல் எருமை, குதிரை, பறவை, மாந்தர் முதலிய உருவங்கள் அமைந்துள்ளன.

எருமை பேணும் தோதவரின் முன்னோரே இக்குவைகளை அமைத்தனரெனச் சிலர் கருதினர். ஆயினும், தோதவர் தாம் கலம் வனைந்திலர், கோத்தரிடமே பெற்றுவந்தனர். கோத்தருள் அத்தொழில் மகளிர்க்குரியது. ஆகலின், மூடிமேலுள்ள எருமை கலத்தைக் கொண்டவர் விருப்பத்தைக் காட்டலாமேயன்றி, வனைந்தவர் இவரெனத் துணிதற்குப் போதாது.

இவ்விடத்தே பௌதிக நூன்முறை துணைபுரியும். ஓட்டின் சிறுதுண்டைக் கண்ணாடியில் ஒட்டி 0.03 மில்லிமீட்டர் கனமாகத் தேய்த்து நுண்ணோக்கியாற் காணின், மண்ணிற் கலந்த தாதுமணிகள் புலப்படும். நீலகிரி சார்னோக்கைட் என்னும் பாறையாலாயது. அப்பாறைத் துகள் ஓட்டில் உளதாவெனக் கண்டு, மலைமண்ணோடும் சமவெளி மண்ணோடும் ஒப்புநோக்கின், கலம் மலையில் வனையப்பட்டதோ, கீழிருந்து கொணரப்பட்டதோ என ஆராயலாம். இது முதற்காரண ஆராய்ச்சி.

சக்கரத்திற் சுழன்ற கலத்தில் இணைவரைகள் தோன்றும். கையாற் பிடித்ததில் விரற்பதிவும் ஒட்டுவாயும் தோன்றும். மண்ணிலுள்ள இரும்பு, சூளையிற் காற்று மிகுந்துழிச் சிவக்கும். காற்றுக் குறைந்து புகை செறிந்துழிக் கலம் கறுக்கும். இவை துணைக்காரணத்தின் சுவடுகள்.

சிற்றோடும் பேருண்மை தருமென்பதற்குக் கீழடியே சான்று. அங்குக் கிடைத்த ஓடுகளின் கரும்பூச்சில், கண்ணுக்கெட்டாத கரிமக் குழல்கள் உளவென வேலூர்த் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2020-ல் வெளியிட்டனர்.

ஆகவே, உருவமைந்த முழுக்கலமே மதிப்புடையது, உடைந்த ஓடு பயனற்றது என எண்ணற்க. ஓடு தன் மண்ணையும் தீயையும் சொல்லும். ஆனால், எக்கலம் எக்குவையில் எதனோடு இருந்ததென்பதைக் குவையே சொல்லவேண்டும். கற்களைக் கலைத்தபின் அதனை எவ்வாய்வும் மீட்டுத்தராது. காரியத்தைச் சிதைத்தபின் கருத்தாவைத் தேடுதல் எங்ஙனங் கூடும்?