பெருவிரல் எழுதிய வரலாறு

பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டியை ஒருக்கா நினைச்சுப் பாருங்கள். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு மேடை. அதில் மூன்று நாலு ஆசிரியர்மார் கையில் ஸ்டொப்வோச்சோடு நிற்பார்கள். 100 மீற்றர் முடிந்ததும் ஒருவர் 12.1 என்பார், மற்றவர் 12.2, இன்னொருவர் 12.4. "சேர், எது சரி?" என்று கேட்டால் நடுவிலுள்ள 12.2ஐ எழுதிவிடுவார்கள். ஏதோ சமாளிக்கிறார்கள் எண்டுதான் நாங்கள் நினைப்போம். ஆனால் கையால் நேரம் எடுக்கிறதுக்கு விதியே அதுதான். மூன்று மணிக்கூடும் மூன்று நேரம் காட்டினால் நடுநேரம். இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம்.

பல பத்தாண்டுகளாக உலக சாதனைகளும் ஒலிம்பிக் பதக்கங்களும் இப்படித்தான் எழுதப்பட்டன. எழுதிய அந்தப் பழைய மணிக்கூடுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. ஒரு பழைய பொக்கற் மணிக்கூட்டுக்கு ஏன் இவ்வளவு காசு, இவ்வளவு பைத்தியம்? அதைத்தான் இங்கே கொஞ்சம் கதைக்கப் போகிறேன்.

விளையாட்டு வரலாற்றோடு தொடர்புள்ள பொக்கற் மணிக்கூடுகளில் இரண்டு வகை உண்டு. முதலாவது, பரிசாகக் கொடுத்தவை. 1923இல் நியூயோர்க் யாங்கீஸ் பேஸ்போல் அணி முதன்முதலாக உலகத் தொடரை வென்றது. இப்போது வென்றவர்களுக்கு மோதிரம் கொடுப்பார்கள். அந்த வருடம் கொடுத்தது க்ரூவன் நிறுவனத்தின் தங்கப் பொக்கற் மணிக்கூடு. பேப் ரூத் தனக்குக் கிடைத்ததைப் பிறகு ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டார். 2014இல் அது ஏலத்தில் 7 லட்சம் டொலருக்கு மேல் போனது.

இரண்டாவது வகைதான் எனக்குப் பிடித்தது: வேலை செய்த மணிக்கூடுகள். பெரும்பாலும் இவற்றில் தங்கமும் இல்லை, அலங்காரமும் இல்லை. 1954 மே 6, ஒக்ஸ்போர்டின் இஃப்லி வீதி மைதானம். ரொஜர் பனிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதரானார். 3 நிமிடம் 59.4 வினாடி. அன்று நேரம் எடுத்தவர்களில் ஒருவர் சார்ள்ஸ் ஹில். அவருடைய ஸ்டொப்வோச்சை 1998இல் நாவலாசிரியர் ஜெஃப்ரி ஆச்சர் 8,855 பவுணுக்கு வாங்கினார். 2011இல் அது மறுபடி ஏலத்துக்கு வந்தபோது 97,250 பவுண். அதே மாதிரி வேறொரு ஸ்டொப்வோச்சைச் சில நூறு பவுணுக்கு வாங்கலாம். மிச்சக் காசு முழுக்க அந்த ஒரு நாளுக்கு.

59.4 என்ற இலக்கத்துக்குள்ளேயே ஒரு மணிக்கூடு ஒளிந்திருக்கிறது. சாதாரண பொக்கற் மணிக்கூட்டின் உள்ளே இருக்கிற சமநிலைச் சில்லு மணிக்கு 18,000 தரம் துடிக்கும். அதாவது வினாடிக்கு 5 துடிப்பு. ஆகவே முள் ஒவ்வொரு தரமும் ஐந்தில் ஒரு வினாடிதான் நகரும்: .2, .4, .6, .8. அதனால்தான் அந்தக் காலத்து மைல் சாதனைகள் ஐந்தில் ஒன்றாக எழுதப்பட்டன. பனிஸ்டருக்கு 46 நாள் கழித்து ஜோன் லாண்டி 3:57.9இல் ஓடினார். பதிவானது 3:58.0.

இந்தக் கருவியின் கதை தொடங்கியதும் விளையாட்டில்தான். 1821இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளி ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்தார். குதிரை கோட்டைக் கடக்கும்போது பொத்தானை அழுத்தினால் முகப்பில் ஒரு துளி மை விழும். 'குரோனோகிராஃப்' என்ற சொல்லின் பொருளே 'நேரத்தை எழுதுவது'தான். 1916இல் சுவிஸ் நிறுவனமான ஹோயர் நூறில் ஒரு வினாடி காட்டும் மைக்ரோகிராஃபைச் செய்தது. அதன் முள் 3 வினாடிக்கு ஒருதரம் முழு வட்டம் சுற்றும். சிக்கல் என்னவென்றால், முள் அவ்வளவு நுட்பமாக ஓடலாம், பொத்தானை அழுத்துகிற மனிதப் பெருவிரலால் அவ்வளவு நுட்பமாக அழுத்த முடியாது.

1932 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் முதற்தடவையாக ஒரே நிறுவனம் எல்லாப் போட்டிக்கும் நேரம் எடுத்தது. ஒமேகா 30 ஸ்டொப்வோச்சுகளையும் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரேயொரு மணிக்கூட்டுத் தொழிலாளியையும் அனுப்பியது. பத்தில் ஒரு வினாடி காட்டும் மணிக்கூடுகள் அவை. அப்படியிருந்தும் ஆண்கள் 100 மீற்றரில் எடி டோலனுக்கும் ரால்ஃப் மெட்காஃபுக்கும் ஒரே நேரம்: 10.3. படச்சுருளைப் பார்த்துத்தான் டோலனுக்குத் தங்கம் உறுதியானது.

அங்கே மணிக்கூடுகளால் இருவரையும் பிரிக்க முடியவில்லை. 1960 ரோமில் நடந்தது வேறு. மணிக்கூடுகள் தெளிவாகச் சொல்லின, மனிதர்கள் கேட்கவில்லை. ஆண்கள் 100 மீற்றர் சுயேச்சை நீச்சல் இறுதிப் போட்டி. அவுஸ்திரேலியாவின் ஜோன் டெவிட், அமெரிக்காவின் லான்ஸ் லார்சன். டெவிட்டுக்கு மூன்று மணிக்கூடும் 55.2 காட்டின. லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. உத்தியோகபூர்வமல்லாத மின்னியல் கருவியும் லார்சன்தான் முதல் என்றது. ஆனால் விதிப்படி முடிவைச் சொல்வது நடுவர்களின் கண். ஆறு நடுவர்களும் மூன்றுக்கு மூன்று எனப் பிரிந்தார்கள். தலைமை நடுவர் டெவிட் பக்கம் நின்றார். லார்சனின் நேரம் 55.2 எனத் திருத்தப்பட்டது. முறையீடுகள் தோற்றன. இன்றைக்கும் பதிவில் லார்சனுக்கு வெள்ளிதான்.

அந்த ஆறு மணிக்கூடுகளில் ஒன்று எப்போதாவது ஏலத்துக்கு வருமென்றால், அதை வாங்குபவர் கையில் இருக்கப்போவது சும்மா ஒரு பொருள் இல்லை. கேட்கப்படாத ஒரு சாட்சி. 1968 ஒலிம்பிக்கில் தடாகச் சுவரில் தொடுபலகை வந்ததற்குப் பின்னால் இந்த ரோம் கசப்பும் இருக்கிறது.

எங்கட நாட்டுக் கதையும் இதோடு ஒட்டியதுதான். 1948 லண்டனில் டங்கன் வைற் 400 மீற்றர் தடை ஓட்டத்தில் வெள்ளி வென்றார். நேரம் 51.8. ஒரு தசமதானம்தான். 2000 சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை 22.28இல் ஓடினார். அவருக்கு முன்னால் வந்த பஹாமாஸின் போலின் டேவிஸ் தொம்சனுக்கு 22.27. முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் பிறகு தகுதி நீக்கப்பட, தங்கம் டேவிஸுக்கும் வெள்ளி சுசந்திகாவுக்கும் போனது. இரண்டையும் ஒரு தசமதானத்தில் எழுதினால் இருவருக்கும் 22.3! டங்கன் வைற் காலத்துப் பொக்கற் ஸ்டொப்வோச்சால் அந்த இருவரையும் பிரித்திருக்கவே முடியாது.

சேகரிக்கும் ஆசை யாருக்காவது வந்தால் மூன்று விசயம். ஒன்று, மணிக்கூட்டை விடக் கடதாசி முக்கியம். யாருடைய கையில் இருந்தது, எந்த நாளில் என்று காட்டும் கடிதமோ படமோ இல்லாமல் 'இது ஒலிம்பிக்கில் பாவித்தது' என்று சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு, கீறலை மினுக்கி அழிக்க வேண்டாம். பாவித்த அடையாளமும் வரலாறுதான். மூன்று, இருட்டில் ஒளிரும் பழைய முகப்புகளில் ரேடியம் இருக்கலாம். அவற்றைத் திறக்கவே கூடாது.

இப்போது யாருடைய விரலும் தேவையில்லை. துப்பாக்கிச் சத்தத்தோடு நேரம் தானாகத் தொடங்கும், கமரா தானாக முடிக்கும். அது நியாயமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய சாதனைப் பட்டியலில் 59.4, 10.3, 51.8 என்று பார்க்கும்போது, ஒவ்வொரு இலக்கத்துக்குப் பின்னாலும் கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்ற ஆக்கள் இருக்கிறார்கள். அவர்களின் பெயர் பெரும்பாலும் எங்கேயும் இல்லை. மிஞ்சியிருப்பது அவர்கள் அழுத்திய பொத்தான் மட்டும்தான்.