ஞாயிற்றுக்கிழமை லீவு பிறந்த கதை

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் தாள் கிழிக்கும் வேலை பல வீடுகளில் கடைக்குட்டிக்குத்தான். ஆறு நாளும் கை பாட்டுக்குக் கிழித்துப் போடும். ஏழாவது நாள் சிவப்பு எண் தெரிந்ததும் முகம் மலரும். அன்றைக்குப் பள்ளி மணி அடிக்காது. தலைக்கு எண்ணெய் உண்டு, மதியம் கறிக்குழம்பு உண்டு, சாயங்காலம் வரை தெருவில் விளையாட்டும் உண்டு.

அந்தச் சிவப்பு எண்ணை யார் போட்டார்கள்?

சூரியன் ஞாயிற்றுக்கிழமையும்தான் உதிக்கிறது. பசுவுக்குத் தீவனம் அன்றைக்கும் வைத்தாக வேண்டும். காக்கைக்கும் எறும்புக்கும் எல்லா நாளும் ஒரே நாள்தான். ஆக, ஞாயிறு லீவு மழையைப் போலத் தானாக வந்ததல்ல. மனிதர்கள் உண்டாக்கியது. அது வந்து சேர்ந்த வழி கொஞ்சம் நீளம்.

முதலில் வாரத்துக்கு ஏன் ஏழு நாள் என்று பார்ப்போம். வெகு காலத்துக்கு முன்னால், இன்றைய ஈராக் இருக்கும் பகுதியில் பாபிலோனியர்கள் வாழ்ந்தார்கள். இரவு வானத்தை விடாமல் பார்த்துக் குறித்து வைத்தவர்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறிக்கொண்டே போகிறவை என்று வெறும் கண்ணுக்கு ஏழு தெரிந்தன: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. இதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஏழு கிழமையும் வந்துவிட்டன! ஞாயிறு என்றால் தமிழில் சூரியன், திங்கள் என்றால் சந்திரன். கிழமையின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நாம் வானத்தைத்தான் சொல்கிறோம்.

ஏழில் ஒரு நாள் வேலையை நிறுத்தும் வழக்கத்தை யூதர்கள் கடைப்பிடித்தார்கள். அவர்களுக்கு அது சனிக்கிழமை. பிறகு கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி வழிபட்டார்கள். ரோமாபுரிப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321ஆம் ஆண்டில் ஓர் ஆணை போட்டார். சூரியனின் நாளில் நீதிபதிகளும் நகரத்து மக்களும் கைவினைஞர்களும் வேலை செய்யக் கூடாது என்றது அந்த ஆணை. உழவர்களுக்கு மட்டும் விலக்கு. விதைக்கும் பருவம் தவறினால் பயிர் போய்விடும் என்று அரசருக்கும் தெரிந்திருந்தது.

நம் ஊரில் பழைய காலத்தில் என்ன கதை? கிழமைகள் இருந்தன, கிழமைக்கு ஒரு லீவு என்ற கணக்கு இல்லை. திருவிழா வந்தால் ஊரே வேலையை நிறுத்தும். அமாவாசையன்று தறியை நிறுத்தும் நெசவாளர்கள் இருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டை ஏரில் பூட்ட மாட்டார்கள். அறுவடை முடிந்தால் கொஞ்ச நாள் மூச்சு விடலாம். உடம்பு களைத்தால் மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்கலாம்.

இயந்திரம் வந்ததும் இதெல்லாம் மாறியது. அதற்கு அமாவாசையும் தெரியாது, களைப்பும் தெரியாது.

1850களில் பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், பஞ்சாலைகள் வரத் தொடங்கின. கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போனார்கள். சங்கு ஊதியதும் உள்ளே போக வேண்டும். மின்விளக்கு வராத காலம் என்பதால், வெளிச்சம் வந்ததிலிருந்து வெளிச்சம் போகும் வரை வேலை. கோடையில் பகல் நீளம் அல்லவா? அப்போது 13, 14 மணி நேரம்கூட ஆகும். பஞ்சுத்தூசி மூக்கில் ஏறும். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் நின்றால், அதைத் துடைக்க வரச் சொல்வார்கள். அரை நாள் அதிலேயே போய்விடும்.

உங்கள் வயதுப் பிள்ளைகளும் அங்கே வேலை செய்தார்கள். 1881இல் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 7 வயது நிரம்பாதவர்களை ஆலையில் சேர்க்கக் கூடாது, 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, மாதம் 4 நாள் விடுமுறை தர வேண்டும் என்றது. ஏழு வயது என்றால் இரண்டாம் வகுப்பு! பிள்ளைகளுக்கு இந்த அளவாவது கிடைத்தது. பெரியவர்களுக்கு அந்தச் சட்டத்தில் லீவே இல்லை.

இங்கேதான் நம் கதையின் நாயகர் வருகிறார். அவர் பெயர் நாராயண் மேகாஜி லோகண்டே. பம்பாய்க்கு அருகில் உள்ள தாணேயில் 1848இல் பிறந்தவர். ஒரு பஞ்சாலையில் சரக்கு அறையைக் கவனிக்கும் வேலை பார்த்தார். அதனால் தொழிலாளர்கள் படும் பாட்டை நேரிலேயே பார்த்தார். எல்லோருக்கும் படிப்பு வேண்டும், சாதியில் மேல் கீழ் கூடாது என்று பாடுபட்ட ஜோதிராவ் பூலேவின் தோழர் அவர். 1880இல் ‘தீனபந்து’ என்ற மராத்திப் பத்திரிகையின் பொறுப்பை ஏற்றார். தீனபந்து என்றால் ஏழைகளின் உறவினன் என்று பொருள்.

1884இல் லோகண்டே தொழிலாளர்களைக் கூட்டினார். பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஒரு மனு எழுதினார்கள். அதில் என்ன கேட்டார்கள் தெரியுமா? வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு. நடுப்பகலில் சாப்பிட அரை மணி நேரம். காலை ஆறரைக்குத் தொடங்கி, பொழுது சாய்ந்ததும் வேலையை முடித்துவிட வேண்டும். சம்பளம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வேலையில் அடிபட்டால் குணமாகும் வரை கைவிடக் கூடாது. அவ்வளவுதான். அந்த மனுவில் சுமார் 5,500 பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏன் ஞாயிறு? வெள்ளைக்கார அதிகாரிகள் அன்றைக்குத்தான் தேவாலயம் போனார்கள் என்பது ஒரு வசதி. லோகண்டே இன்னொரு காரணமும் சொன்னார். மராட்டிய மக்கள் பலர் கும்பிடும் சாமி கண்டோபா. புணேக்கு அருகில் ஜேஜுரி மலையில் கோயில் கொண்டவர். அவருக்கு உகந்த கிழமை ஞாயிறு. துரைக்கும் ஞாயிறு, தொழிலாளிக்கும் ஞாயிறு, ஒரே நாளாகவே இருக்கட்டுமே!

மனு கொடுத்ததும் லீவு கிடைத்துவிடவில்லை. ஒரு வருடம் போனது, இரண்டு வருடம் போனது. கூட்டம் போட்டார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், மறுபடி மனு கொடுத்தார்கள். நீங்கள் வீட்டில் சைக்கிள் கேட்டு நச்சரிப்பீர்களே, அதைவிடப் பொறுமையாக, அதைவிட விடாப்பிடியாகக் கேட்டார்கள். 1890 ஏப்ரல் 24ஆம் தேதி மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் சுமார் 10,000 தொழிலாளர்கள் திரண்டார்கள். மேடை ஏறிப் பேசியவர்களில் இரண்டு பெண்களும் உண்டு. பெண்கள் மேடையில் பேசுவதே அபூர்வமாக இருந்த காலம் அது.

ஆலை முதலாளிகளின் சங்கம் கடைசியில் இறங்கி வந்தது. 1890 ஜூன் 10ஆம் தேதி வாரம் ஒரு நாள் விடுமுறைக்கு ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1891இல், வார விடுமுறை சட்டத்திலும் ஏறியது. முதல் மனு கொடுத்து ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

லோகண்டே அந்த ஞாயிறுகளை நெடுநாள் பார்க்கவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவிய காலத்தில், 1897இல், அந்த நோய்க்கே பலியானார். 2005இல் இந்திய அஞ்சல் துறை அவர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது.

ஞாயிறை மாற்றிப் பார்த்த நாடுகளும் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் 1929இல் வாரத்தை ஐந்து நாளாக்கினார்கள். தொழிலாளர்களை ஐந்து பிரிவாகப் பிரித்து, பிரிவுக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். நிறத்துக்கு ஒரு லீவு நாள். தொழிற்சாலை நிற்காமல் ஓடியது. வீட்டிலோ வம்பு வந்தது. அப்பா மஞ்சள், அம்மா பச்சை என்றால் அப்பாவுக்கு லீவு வரும் நாளில் அம்மா வேலைக்குப் போய்விடுவார். ஒன்றாகச் சாப்பிட ஆளில்லாமல் லீவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1940இல் பழைய ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பி வந்தன.

இலங்கையில் 1966இல் ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாளை வார விடுமுறை ஆக்கினார்கள். பௌத்தர்களுக்குப் புனிதமான நாள் அது. பௌர்ணமி, அமாவாசை, இரண்டுக்கும் நடுவே வரும் அரைநிலா நாட்கள் என்று நிலாவைப் பார்த்து லீவு வந்தது. நிலாவோ நம் காலண்டரைப் பார்த்து நடப்பதில்லை. அதனால் ஒரு வாரம் செவ்வாயில் வந்த லீவு, சில வாரம் கழித்துப் புதனுக்கு நகர்ந்துவிடும். 1971இல் அங்கும் ஞாயிறு திரும்பியது. பௌர்ணமிப் போயா மட்டும் இன்றும் அரசு விடுமுறை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை, வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும். நாள் எதுவானாலும் சரி, ஊருக்கெல்லாம் ஒரே நாளாக இருந்தால்தான் லீவு இனிக்கிறது.

ஊருக்கெல்லாம் என்றா சொன்னேன்? ஞாயிற்றுக்கிழமை காலை சலூனுக்குப் போயிருப்பீர்கள். பெஞ்சில் இடம் இருக்காது. உங்கள் முறை வருவதற்குள் அங்கிருக்கும் பேப்பரைப் படம் பார்த்தே முடித்துவிடலாம். செவ்வாய்க்கிழமை முடி வெட்டக் கூடாது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. ஆகவே சலூனுக்கு லீவு செவ்வாய். பஸ் டிரைவர், ஆஸ்பத்திரி நர்ஸ், கறிக்கடைக்காரர் எல்லோருக்கும் ஞாயிறுதான் அதிக வேலை. கறிக்குழம்பு வைக்கும் அம்மாவுக்கும்தான்.

செவ்வாய்க்கிழமை சலூன் மூடியிருக்கும். முடி வெட்டும் அண்ணன் வீட்டில் இருப்பார். அவர் பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக் காலண்டரில் அப்பாவின் சிவப்பு ஓர் இடத்தில், பிள்ளையின் சிவப்பு வேறோர் இடத்தில். லோகண்டே விட்டுப்போன மனுவில் இன்னும் ஒரு வரி எழுதப்படாமல் இருக்கிறது.