ஐந்தாம் வகுப்புக்கு அப்பால்

கல்வியை ஏணிக்கு ஒப்பிடுதல் உலக வழக்கு. ஏணியின் பெருமை அதன் உயரத்தில் மட்டும் இல்லை. ஒரு படியில் நிற்பவனின் கால் அடுத்த படிக்கு எட்டுதல் வேண்டும். ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, அப்புத்தளை முதலிய மலைச்சாரல்களில் தேயிலை செழித்த காலத்தில், தொழிலாளர் பிள்ளைகளின் படிப்பு பெரும்பாலும் கங்காணிமாரின் ஆதரவையும் மிஷன் சபையாரின் முயற்சியையுமே நம்பியிருந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. இது நன்மையே. ஆயினும் அக்கல்வியின் நோக்கம் பத்து வயதோடு முடிந்தது. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் போதுமெனக் கருதப்பட்டன. மேல்வகுப்புக்கு ஆயத்தஞ் செய்தல் அதன் குறிக்கோளாக இருக்கவில்லை. பிள்ளையின் அடுத்த வகுப்பு கொழுந்து மலையிலேயே இருந்தது.

1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை ஒரே பாதை திறக்கப்பட்டது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் ஏற்றது. தோட்டப் பாடசாலைகளோ அவ்வேற்பினுள் அடங்கவில்லை.

1972ஆம் ஆண்டில் புதிய பாடத்திட்டம் முதலாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் ஒருங்கே தொடங்கிற்று. ஆறாம் வகுப்பில் ஒருங்கிணைந்த விஞ்ஞானம், கணிதம், தொழில்முன்னிலைப் பாடங்கள் என்பன இடம்பெற்றன. கீழ்வகுப்புகள் ஐந்தையும் முறையாகக் கற்றவன் என்ற எண்ணத்திலேயே மேல்வகுப்பின் நோக்கங்கள் வகுக்கப்படுகின்றன. ஆனால் ஒரே மண்டபத்தில் ஓராசிரியர் ஐந்து வகுப்புகளையும் நடத்திய பாடசாலையிலிருந்து பதுளை நகருக்கு வந்த பிள்ளையின் நிலை என்ன? மலைப்பாதையின் தூரத்தை அவன் நடந்தே கடந்தான். பாடத்திட்டத்தின் தூரத்தைக் கடப்பதற்கு அவனுக்கு வழி இருக்கவில்லை. அவன் பின்தங்கியபோது, குறை அவனுடைய அறிவின்மேல் ஏற்றப்பட்டது. உண்மையிற் குறை படிகளின் இடைவெளியிலேயே இருந்தது.

1970களின் பிற்பகுதி முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. ஆசிரியர் நியமனமும் கட்டடமும் பின்தொடர்ந்தன. 1998இல் கம்பகா மாவட்டத்தில் தொடங்கி மறு ஆண்டில் நாடெங்கும் பரவிய சீர்திருத்தம், ஆரம்பக் கல்வியை 1–2, 3–4, 5 என மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. ஒரு நிலையைக் கடக்குமுன் மாணவன் அடையவேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகளையும் வரையறுத்தது. வகுப்புக்கு வகுப்பு நோக்கங்களைத் தொடுத்த இம்முறை, நெடுங்காலத் தவறொன்றைத் திருத்தும் முயற்சியெனல் தகும்.

எனினும், தேர்ச்சிகளை ஏட்டில் நிரல்படுத்துதல் எளிது. முதலாம் வகுப்பின் ஆசிரியரும் ஆறாம் வகுப்பின் ஆசிரியரும் ஒருவர் பணியை மற்றவர் அறிந்து கற்பித்தாலன்றி அந்நிரல் உயிர்பெறாது. மேற்படியில் நிற்போர் கீழ்ப்படியை ஒருமுறை குனிந்து நோக்குதல் வேண்டும். அங்கே ஏறக் காத்திருக்கும் பிள்ளையின் கால் எட்டுகிறதா என்பதே பாடத்திட்டத்துக்கு வைக்கத்தக்க முதற் பரீட்சையாகும்.