பர்ச்சின்லீ: அணைக்காக எழுந்து, அணையோடு கலைந்த தகர ஊர்

1840களில் இங்கிலாந்தின் பென்னைன் மலையைக் குடைந்து உட்ஹெட் ரயில் சுரங்கம் வெட்டிய தொழிலாளர், மலைமேட்டில் தாங்களே கல்லடுக்கி எழுப்பிய குடிசைகளில் கிடந்தார்கள். எட்வின் சாட்விக் போன்ற சுகாதாரச் சீர்திருத்தவாதிகள் அந்த அவலத்தை எழுதினர். 1846இல் நாடாளுமன்றக் குழு ஒன்றும் விசாரித்தது. அதன் பரிந்துரைகள் சட்டமாகவில்லை. வேலை கொடுப்பவரே தொழிலாளருக்கு ஊர் கட்டித்தரும் வழக்கம் வேரூன்ற மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்கும் இரக்கம் மட்டுமே காரணமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பர்மிங்ஹாம் மாநகராட்சி 1890களில் வேல்ஸின் ஈலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டியபோது அமைத்த மரக்குடியிருப்பு இதற்கு முன்மாதிரி. புதிதாக வந்தவர் ஆற்றின் மறுகரையில் தங்கி, பேன் நீக்கி, தொற்றுநோய் இல்லையென்று உறுதியான பிறகே பாலத்தைக் கடக்கலாம். பாலத்தில் காவலாளி, கள்ளச் சாராயம் உள்ளே போகக்கூடாது. குளியலறைக்கு ஆண்கள் வாரம் மூன்று முறை போகலாம், பெண்கள் ஒரே முறை. அந்தப் பெண்களின் அன்றாட வேலையை எண்ணினால் இந்தக் கணக்கின் நியாயம் விளங்கவில்லை.

டெர்பிஷயரின் பர்ச்சின்லீ இதன் அடுத்த கட்டம். ஷெஃபீல்ட், டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் ஆகிய நகரங்களுக்குக் குடிநீர் தர 1899ஆம் ஆண்டுச் சட்டப்படி டெர்வென்ட் பள்ளத்தாக்கு நீர் வாரியம் உருவாயிற்று. ஹவ்டன், டெர்வென்ட் என்னும் இரு கல்லணைகளின் வேலைக்காக 1901இல் ஊர் எழத் தொடங்கியது. வீடுகளெல்லாம் நெளிதகடு; அதனால் 'டின் டவுன்' என்ற பட்டப்பெயர். பள்ளி, மருத்துவமனை, தொற்றுநோயாளருக்குத் தனி மனை, தபால் நிலையம், கடைகள், குளியல்கூடம், பொழுதுபோக்கு மண்டபம், மதுக்கூடம் என ஒன்றும் குறைவில்லை. உச்சத்தில் ஏறக்குறைய 900 பேர் வாழ்ந்தனர். கங்காணி நிலையில் இருந்தவருக்கு ஒரு வகை வீடு, கூலியாளுக்கு வேறு வகை. தனியாட்கள் ஒரு குடும்பத்தின் பொறுப்பிலுள்ள கொட்டகையில் தங்கினர். அந்த வீட்டுப் பெண்ணே அத்தனை பேருக்கும் சமைத்துத் துவைத்தாள். இந்த உழைப்பு இன்றி அணை எழுந்திருக்காது.

இவ்வளவு வசதி ஏன்? கிரிண்டில்ஃபோர்டு அருகே போல் ஹில் கல்குவாரியிலிருந்து பத்து லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கல், இதற்கெனவே போட்ட ரயில் பாதையில் வந்திறங்கியது. ஒதுக்கமான பள்ளத்தாக்கில் கைதேர்ந்த ஆட்கள் நிலைத்தால்தான் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியும். இன்னொன்றும் உண்டு: நகரங்கள் குடிக்கப்போகும் நீரின் பிடிப்புப் பரப்பிலேயே ஊர் இருந்தது. இங்கே டைபாய்டு பரவினால் அது தொழிலாளர் பிரச்சினையாக மட்டும் நின்றிருக்காது. தனி மனையையும் குளியல்கூடத்தையும் இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும்.

ஹவ்டன் 1912இலும் டெர்வென்ட் 1916இலும் முடிந்தன. வேலை வற்ற வற்ற ஊரும் கலைந்தது. பிற்பாடு லேடிபவர் நீர்த்தேக்கத்துக்காக அகற்றப்பட்ட டெர்வென்ட், ஆஷப்டன் கிராமங்களின் நினைவு இன்றும் உண்டு. 2018 வறட்சியில் டெர்வென்ட் இடிபாடுகள் தலைகாட்டியபோது கூட்டம் திரண்டது. நீருக்கு மேலேயே கிடக்கும், பர்ச்சின்லீ வீடுகள் நின்ற மேடைகளுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. பறிக்கப்பட்ட ஊருக்குத் துக்கம் கொண்டாட ஆளுண்டு; கழற்றி விற்பதற்கென்றே கட்டிய ஊரோ வாரியத்தின் கணக்கில் தளவாடம். தகர வீடுகளில் ஒன்று அருகிலுள்ள ஹோப் கிராமத்தில் மறுபடி பொருத்தப்பட்டு, பின்னாளில் அழகு நிலையமாக இயங்கியது.