பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று இன்ஜின்: எதைத் தேர்வு செய்யலாம், எது சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்?

இருபது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். பாடி நல்லா இருக்கு, இன்ஜின்தான் புகை கக்குது. பழசையே பிரித்துச் சரிசெய்வதா? வேறு இன்ஜின் போடுவதா? போடுவதென்றால் எதை?

பெரும்பாலும் பேச்சு குதிரைத்திறனில்தான் தொடங்கும். ஆனால் இந்தியாவில் முதலில் பார்க்க வேண்டியது காரின் ஆர்.சி.யை.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு ஆர்.சி. முரண்படும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளாவிலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

இதன் பொருள்: அதே நிறுவனத்தின், அதே வகை இன்ஜினை ஆர்டிஓ அனுமதியோடு மாற்றலாம், புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 1.2 லிட்டர் இருந்த இடத்தில் வேறு கம்பெனியின் 2 லிட்டர் டர்போவைப் பொருத்த முடியாது.

மீறினால்? 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய இடி, விபத்து நடந்தால் விழும். ஆர்.சி.யில் ஒரு எண், காரில் வேறு எண் என்றால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க நாமே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"கான்டஸாவில் மாத்தினாங்களே?"

பலரும் கேட்கும் கேள்வி. 1980-களில் பழைய 1.5 லிட்டர் இன்ஜினோடு வந்த இந்துஸ்தான் கான்டஸா, பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு மாறியது. கார் உயிர் பெற்றது உண்மைதான். ஆனால் அதைச் செய்தது தயாரிப்பாளரே. அந்த இன்ஜினோடுதான் கார் விற்பனைக்கும் பதிவுக்கும் வந்தது. ஒரு தனிநபர் தன் காரில் செய்வது அந்தக் கணக்கில் வராது.

சான் ஸ்டார்மை வைத்துப் பார்ப்போம்

பெங்களூருவைச் சேர்ந்த சான் குழுமத்தின் சான் ஸ்டார்ம், கோவாவில் தயாரான ஃபைபர் பாடி, இரண்டு சீட் கார். உள்ளே இருப்பது ரெனோவின் 1,149 சிசி பெட்ரோல் இன்ஜின், சுமார் 60 குதிரைத்திறன். அது போய்விட்டால் இருப்பவை நான்கு வழிகள்.

ஒன்று, அதே இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பது. போர் போட்டு, ரிங், பிஸ்டன், பேரிங் மாற்றலாம். இன்ஜின் எண் மாறாது, ஆர்.சி.யைத் தொட வேண்டியதில்லை.

இரண்டு, அதே வகை இன்ஜினைத் தேடுவது. ஐரோப்பாவில் ரெனோ கிளியோ, ட்விங்கோ கார்களில் இதே குடும்ப இன்ஜின் ஓடியது. முழு இன்ஜின் கிடைக்காவிட்டாலும் உதிரி பாகங்களைத் தேட இது ஒரு துப்பு.

மூன்று, வேறு கம்பெனியின் பெரிய இன்ஜின். பொருத்திக் கொடுக்க ஆள் கிடைக்கும். சாலையில் ஓட்ட சட்டத்தில் இடம் கிடைக்காது. கியர்பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர், வயரிங் என்று செலவும் சங்கிலியாக நீளும். முன்பக்க எடை கூடினால் கார் வளைவில் திரும்பும் விதமே மாறிவிடும்.

நான்கு, மின்சாரம். அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் பேட்டரிக்கு மாறுவதை 52-வது பிரிவே அனுமதிக்கிறது. கிட் ஏஐஎஸ்-123 தரத்தில் சோதிக்கப்பட்டதா, உங்கள் மாடலுக்கு ஒப்புதல் உண்டா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். குறைந்த எண்ணிக்கையில் விற்ற கார்களுக்கு இங்கேதான் முட்டும்.

பெங்களூருவின் உயரம் செய்யும் வேலை

இன்ஜின் செத்துவிட்டது என்று முடிவு செய்யும் முன் ஒரு கணக்கு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் சென்னையில் 60 குதிரைத்திறன் கொடுத்தால், இங்கே சுமார் 54தான் வரும். அது இன்ஜினின் குறை இல்லை.

கம்ப்ரஷன் டெஸ்டுக்கும் இதே கதை. மேனுவலில் 170 பிஎஸ்ஐ என்றிருந்தால், நல்ல இன்ஜினே இங்கே 153 பக்கம்தான் காட்டும். ஆகவே மொத்த எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் 10 சதவீதத்துக்கு மேல் கீழே இருந்தால் பிரச்னை. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி டெஸ்ட் பண்ணினால் அழுத்தம் ஏறுதா? ரிங் தேய்ந்திருக்கலாம். ஏறலையா? வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஹெட் வேலையோடு முடிய வேண்டியதற்கு முழு இன்ஜினையும் வாங்க வேண்டியதில்லை.

பழைய இன்ஜின் வாங்கும்போது

ஜே.சி. ரோட்டிலோ சிவாஜிநகர் குஜிரியிலோ வாங்கினாலும், சென்னை புதுப்பேட்டையிலிருந்து எடுத்து வந்தாலும், மூன்று விஷயங்களில் சமரசம் வேண்டாம்: இன்ஜின் எண் தெளிவாக இருக்க வேண்டும், அந்த எண்ணோடு பில் வேண்டும், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கு ஆவணம் வேண்டும். எண்ணைத் தேய்த்து அழித்த இன்ஜின் என்ன விலைக்கு வந்தாலும் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

கார் 50 வயதைத் தாண்டியதா?

அப்படியென்றால் இன்னும் கவனம் தேவை. 2021-இல் வந்த விதிகளின்படி, விண்டேஜ் பதிவு வேண்டுமென்றால் இன்ஜின், சேஸி, பாடி ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இன்று மாற்றும் இன்ஜின், நாளை அந்தப் பதிவுக்கே தடையாகலாம்.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட். அடுத்து, பிரித்து வேலை பார்க்க எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு. அது கட்டுப்படியாகாவிட்டால் மட்டும் அதே வகை இன்ஜினைத் தேடுங்கள். கிடைத்ததும் ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பழைய இன்ஜினைக் கழற்ற ஸ்பேனர் எடுப்பது அதற்கப்புறம்தான்.