பினாங்குக்குப் போன வெள்ளி ரதம்

தைப்பூசம் என்றால் செட்டிநாட்டு நகரத்தார் காவடி எடுத்துப் பழநிக்கு நடந்துவிடுவார்கள். பல தலைமுறை வழக்கம் அது. ஆனால் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போனவன் என்ன செய்வான்? பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, மூன்று வருஷக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டுக் கப்பலேறியவன், பூசத்துக்கென்று திரும்பிவர முடியாது.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், பினாங்கு ஸ்திரீட்டில், அவர்களுடைய கிட்டங்கிகள், அதாவது தொழில் நடத்தும் கூடங்கள், இருந்தன. ஒரே நீளக் கூடத்தில் பல விலாசங்கள், அதாவது தனித்தனி முதலாளிகளின் கடைகள். ஆளுக்கொரு பெட்டி, உட்காரப் பாய், பொதுவில் ஒரு சமையல். அந்த வாழ்க்கையின் வாசனை வேண்டுபவர்கள் ப. சிங்காரத்தின் நாவல்களைப் படிக்கலாம். வரவில் ஒரு பங்கை மகமையாகக் கோயிலுக்கு ஒதுக்குவது அவர்கள் முறை. சாமியும் கணக்கும் அவர்களுக்கு வேறுவேறல்ல. ரங்கூனில் நடப்பு வட்டியைக்கூடக் கோயிலில் கூடித்தான் நிர்ணயித்தார்கள். பினாங்கில் 1850களிலேயே, அருவி விழும் மலையடிவாரத்தில், தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். இடத்துக்குத் தண்ணீர்மலை என்று பெயர். பழநிக்குப் போக முடியாதவர்களின் பழநி.

சாமி வந்துவிட்டார், உலா போக ரதம் வேண்டாமா? காரைக்குடியில் செய்த வெள்ளி ரதம் 1894இல் கடல் கடந்து வந்து சேர்ந்தது. மரவேலைக்கு ஆளில்லாத ஊரல்ல பினாங்கு. ஆனாலும் நம்மூர்க் கைவேலைதான் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, கொஞ்சம் செட்டிநாட்டுப் பெருமிதமும் உண்டு.

அதன் பயணம் இப்படி. பூசத்துக்கு முதல் நாள் விடியுமுன்பே பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு, மாட்டு ஜோடி இழுக்க, தண்ணீர்மலைக்குப் போகும். காரில் போனால் அரைமணிகூட ஆகாத தூரம்தான். ரதம் போய்ச்சேர இரவாகிவிடும். காரணம் தேங்காய். ரதம் வரும் தெருவில் குவியல் குவியலாகக் காய் அடுக்கி வைத்துக் காத்திருப்பவர்களில் பெரும் பங்கு சீனர்கள். வியாபாரம் செழிக்க, நோய் தீர, நேர்ந்துகொண்டது பலிக்க என்று ஆளாளுக்கு ஒரு வேண்டுதல். காய்கள் சரமாரியாகச் சிதறும். ஓடுகளை அள்ளி ஒதுக்கிய பிறகே மாடு அடியெடுத்து வைக்கும். காரைக்குடி வெள்ளியைப் பினாங்கின் சொத்தாக ஆக்கியது, என்னைக் கேட்டால், இந்தத் தேங்காய்கள்தான்.

ரதத்தை வரவழைத்தவர்களின் தொழிலோ நிலைக்கவில்லை. 1930களின் மந்தம், பிறகு ஜப்பானியர் ஆட்சி, அதன்பின் புதிய நாடுகளின் புதிய சட்டங்கள். கிட்டங்கிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. பலர் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ரதம் திரும்பவில்லை. 2017இல் மாநில இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் வேலைச் சுமந்து வீதிக்கு வந்தது. எது முந்தியது, எது பெரியது என்று பேச்சும் கூடவே வந்தது. தேர் இரண்டானால் கட்சியும் இரண்டாகிவிடுவது நம்மவர் வழக்கம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ரதம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூசத்தன்று போய் நின்றால் காவடிதான் பார்க்கலாம். ரதத்துக்கு முதல் நாள் இருட்டோடு போய்விடுங்கள். தவறவிட்டால் பூசம் கழிந்த மறுநாள் சாயங்காலம், அது கோயில் வீட்டுக்குத் திரும்பும்போது பிடிக்கலாம். செருப்பு அழுத்தமானதாக இருக்கட்டும். தெருவெல்லாம் ஓடு.