சுவரும் சித்திரமும்: மிலான், 1954

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. சுவர் போன பின் சித்திரம் என்னவாகும் என்ற கேள்வியைப் பழமொழி சொன்னவர்கள் எழுப்பவில்லை. அக்கேள்வியைத் தொடர்ந்து சென்றால், இத்தாலியின் மிலான் நகரில் 1954ஆம் ஆண்டு எழுப்பப்பட்டுக் கண்காட்சி முடிந்ததும் இடிக்கப்பட்ட ஒரு சுவரின் முன் நாம் போய் நிற்போம். அதில் சித்திரம் எழுதியவர் சுவரோவியத்தையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். இதழ்களுக்குக் கோட்டுச் சித்திரம் வரைந்து பெயர் பெற்ற சால் ஸ்டைன்பெர்க் அவர்.

முதலில் அந்தக் கண்காட்சியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வீட்டு அலங்காரம், அறைகலன்கள், கட்டடக்கலை ஆகியவற்றுக்காக மூன்றாண்டுக்கு ஒருமுறை நடத்தத் திட்டமிடப்பட்டமையால் அதற்குத் திரியென்னாலே என்று பெயர். 1923இல் மோன்சா நகரில் ஈராண்டு விழாவாகத் தொடங்கி, 1933இல் மிலானின் செம்பியோனே பூங்காவில் அதற்கெனக் கட்டப்பட்ட கலை மாளிகைக்குக் குடியேறியது. அப்போது ஆட்சி முசோலினியுடையது. அவர் நாளேட்டுக்குக் கேலிச்சித்திரம் வரைந்துவந்த மாரியோ சிரோனி என்ற ஓவியர், மக்களை ஆட்கொள்ளச் சட்டகத்துள் அடங்கிய ஓவியம் போதாது, சுவரே வேண்டும் என்று வாதிட்டு, அவ்வாண்டு அம்மாளிகைச் சுவர்களில் பேரோவியங்களை எழுதுவித்தார். தே கிரிக்கோ முதலிய பெயர்பெற்ற ஓவியர்களும் எழுதினர். சுவரோவியம் குறித்து அறிக்கையொன்றும் சிரோனியால் அவ்வாண்டே வெளியிடப்பட்டது. நிலைபேறு கருதி எழுதப்பட்ட அவ்வோவியங்களுள் பெரும்பாலானவை விரைவில் அழிந்துபட்டன.

அதே 1933ஆம் ஆண்டில்தான் ருமேனியாவிலிருந்து பத்தொன்பது வயது இளைஞராக ஸ்டைன்பெர்க் மிலானுக்கு வந்து, தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக்கலை பயிலச் சேர்ந்தார். 1936 முதல் 'பெர்த்தோல்தோ' என்னும் நகைச்சுவை இதழில் அவர் சித்திரங்கள் வந்தன. நகரம் அவரை அறிந்துகொண்டது. 1938இல் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் வந்தன. முன்பே சேர்ந்திருந்த அயல்நாட்டு மாணவர் என்பதால் படிப்பை முடிக்க மட்டும் இடமிருந்தது. 1940இல் பெற்ற பட்டச் சான்றிதழில் அவர் யூத இனத்தவர் என்ற குறிப்பும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தது. அப்பட்டத்தைக் கொண்டு அந்நாட்டில் தொழில் செய்ய வழியில்லை. 1941இல் தொர்த்தொரேத்தோ என்ற ஊரில் தடுத்து வைக்கப்பட்டு, பின் லிஸ்பன் வழியாகச் சாந்தோ தொமிங்கோ சென்று ஓராண்டு காத்திருந்து, 1942இல் அமெரிக்கா சேர்ந்தார். பிற்காலத்தில் அவர் போலிச் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டுகளையும், எவராலும் படிக்க இயலாத அழகிய கையெழுத்தில், முத்திரைகளோடு வரைந்து குவித்தார். பார்ப்பவர் சிரிக்கலாம். நமக்கென்னவோ அவற்றைப் பார்க்குந்தோறும் அந்த 1940ஆம் ஆண்டுத் தாளே நினைவுக்கு வருகிறது.

அவருடைய மிலான் நண்பர்களுள் எர்னெஸ்தோ ரோஜர்ஸ் ஒருவர். பான்ஃபி, பெல்ஜொயோசோ, பெரெசுத்தி, ரோஜர்ஸ் என்னும் நால்வர் தம் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பிபிபிஆர் என்ற கட்டடக்கலைக் கூட்டகம் நடத்திவந்தனர். யூதத் தந்தைக்குப் பிறந்த ரோஜர்ஸ் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பினார். பான்ஃபியும் பெல்ஜொயோசோவும் 1944இல் பிடிபட்டு மௌத்தவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். பெல்ஜொயோசோ மீண்டார், பான்ஃபி 1945 ஏப்ரலில், விடுதலைக்குச் சில வாரங்களே இருக்கையில், அங்கேயே மாண்டார். எஞ்சிய மூவரும் கூட்டகத்தின் பெயரிலிருந்து அவர் எழுத்தை நீக்கவில்லை. இறந்தவரின் எழுத்தும் கூடவே கையொப்பமிட்டது.

இந்தக் கூட்டகம்தான் 1954ஆம் ஆண்டுப் பத்தாம் திரியென்னாலேக்காகச் செம்பியோனே பூங்காவில் சிறுவர்க்கு ஒரு சுழல்வழிக் கூடம் அமைத்தது. மூன்று சுருள்கள் மூவிதழ்ப் பூப்போல் இணைந்த கட்டமைப்பு. நடுவே அலெக்சாண்டர் கால்டரின் அசைந்தாடும் சிற்பம். வளைந்து செல்லும் அச்சுவர்களுக்குச் சித்திரம் வேண்டி ஸ்டைன்பெர்க்கை அழைத்தார்கள். எந்த நகரம் அவருக்குப் பட்டமளித்து வெளியேற்றியதோ அந்நகரத்திலேயே, எந்த மாளிகைச் சுவர்களில் சிரோனியின் ஓவியங்கள் இருந்தனவோ அம்மாளிகையின் அருகிலேயே, அவருக்கு ஒரு சுவர் கிடைத்தது.

அவர் நான்கு நீள்தாள்களில் வரைந்தார். கட்டட வகைகள், மத்தியதரைக் கடற்கரைகள், இத்தாலிய நகரங்கள் ஆகியன மூன்றின் பொருள். நான்காவதன் பெயர் 'கோடு'. விசிறிபோல் மடியும் 29 பகுதிகளில், 10 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில், ஒரே கிடைக்கோடு. ஒரு கை பேனாவால் அதனை இழுக்கத் தொடங்குகிறது. கோடு வெனிஸின் நீர்விளிம்பாகிறது. மாளிகைகள் மேலே நிற்க, நிழல்கள் கீழே தொங்குகின்றன. சிறிது தொலைவில் அதுவே துணி உலர்த்தும் கொடி. பின்னர் இருப்புப்பாதை செல்லும் பாலம். இறுதியில் மீண்டும் ஒரு கை அதே கோட்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. கோடு மாறுவதே இல்லை. மேலும் கீழும் எது வரையப்படுகிறதோ அதற்கேற்ப அதன் பொருள்தான் மாறுகிறது. எல்லைக்கோடுகளால் அலைக்கழிக்கப்பட்ட ஒருவர் வரைந்தது என்பதை மறந்துவிட்டு இதனை வெறும் வேடிக்கையாகப் பார்க்க நம்மால் இயலவில்லை.

இத்தாள்கள் ஒளிப்பட முறையில் பெரிதாக்கப்பட்டு, ஸ்க்ராஃபிட்டோ முறையில் சுவரில் கீறப்பட்டன. ஒரு நிறப் பூச்சின்மேல் வேறு நிறப் பூச்சைப் பூசி, ஈரம் காயுமுன் மேற்பூச்சைச் சுரண்டினால் அடிநிறம் கோடாகத் தெரியும். இத்தாலியில் பழங்காலந்தொட்டு வீட்டு முகப்புகளுக்கு வழங்கிவந்த தொழில் இது. ஒரு பேனாக்காரருக்கு இதைவிடப் பொருந்திய முறை வாய்த்திராது. தமிழில் கோடுதல் என்றால் வளைதல் என்றும் பொருளுண்டு. தாளில் நேராக ஓடிய கோடு அச்சுவரில் வளைந்தே ஓடிற்று. சிறுவர்கள் நடந்துகொண்டேதான் அதனைப் படிக்க வேண்டியிருந்தது. நின்று அண்ணாந்து பார்க்கச் செய்த 1933ஆம் ஆண்டுச் சுவர்களிலிருந்து இது எத்தனை தொலைவு!

கண்காட்சி முடிந்தது; கூடம் இடிக்கப்பட்டது. பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவத்தை வகுப்பில் நடத்தும்போது, மணல்வீட்டைச் சிதையாதே என்று சிறுமியர் இறைஞ்சும் இடத்தில் மாணவர்கள் சிரிப்பதுண்டு. மணல்வீடு சிதையத்தானே கட்டப்படுகிறது என்பர். மிலானில் எவரேனும் இறைஞ்சியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒளிப்படங்களில்தான் இன்று அதனைக் காண முடியும். 'கோடு' மடித்து வைக்கும் தாளாக இருந்தமையால் பிழைத்துக்கொண்டது.

1961இல் அதே கூட்டகத்துக்காக, மிலானில் ஒரு வீட்டின் நுழைவுக்கூடத்தில் ஸ்டைன்பெர்க்கின் சித்திரம் மீண்டும் அதே கீறல் முறையில் இடம்பெற்றது. இம்முறை கண்காட்சியன்று, மக்கள் வாழும் வீடு. 1997இல் அதுவும் அழிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 83, அமெரிக்காவில் வாழ்ந்துவந்தார். இரண்டாண்டு கழித்து நியூயார்க்கில் மறைந்தார்.